கோப்பிக் காலத்துக் காளையும் கரடியும்: கண்டிச் சீமையின் சந்தை ஏற்ற இறக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

பங்குச் சந்தையில் விலைகள் தொடர்ந்து ஏறுங் காலத்தைக் காளைச் சந்தை என்றும், தொடர்ந்து வீழுங் காலத்தைக் கரடிச் சந்தை என்றும் வழங்குவர். இவ்விரு சொற்களும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் தரகரிடையே வழக்கிற்கு வந்தவை. கரடியைப் பிடிக்குமுன் அதன் தோலை விற்பவனைப் பற்றிய ஒரு பழமொழி ஆங்கிலத்தில் உண்டு. அதனை ஒட்டி, தன் கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்று, விலை வீழ்ந்தபின் வாங்கிக் கொடுத்து இலாபங் காண முனைபவன் 'கரடி' எனப்பட்டான். விலையேற்றத்தை நம்பி வாங்குபவன் அவனுக்கு எதிர்நிலையில் 'காளை' ஆனான். முதலில் மனிதரைச் சுட்டிய சொற்கள் காலப்போக்கில் சந்தையின் நிலையைச் சுட்டலாயின. இம்மாற்றம் சிந்தனைக்குரியது. வாங்குவோனும் விற்போனும் பார்வையிலிருந்து மறைய, ஏற்றமும் இறக்கமும் மழையும் வெயிலும்போல இயற்கை நிகழ்ச்சிகளாகத் தோற்றந் தருகின்றன. அத்தோற்றத்தின் பின்னே நிற்கும் மனித உறவுகளைக் காண்பதற்குக் கண்டிச் சீமையின் வரலாற்றினும் பொருத்தமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1820களில் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட்டும், பேராதனையை அடுத்த கன்னொறுவையில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் அங்குக் கோப்பி உற்பத்தி தளர்ந்தது. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்குமான இறக்குமதித் தீர்வையைச் சமப்படுத்தியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, உரித்தை நிறுவும் எழுத்துச் சான்றில்லாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. கிராமத்தவர் சேனைப் பயிர் செய்த நிலமும் மாடு மேய்த்த நிலமும் ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்பனைப் பொருளாயின. 1841ஆம் ஆண்டில் மட்டும் 78,000 ஏக்கருக்கு மேற்பட்ட முடிக்குரிய நிலம் விற்கப்பட்டது. வாங்கியோருள் தேசாதிபதி, படை அதிகாரிகள், நீதிபதிகள், கச்சேரி அதிகாரிகள் எனப் பலரும் இருந்தனர். சட்டத்தை நிருவகித்தோரே அதன் பயனையும் நுகர்ந்தனர் எனலாம்.

அன்று கண்டியில் பங்குச் சந்தை இருக்கவில்லை, விற்கப்பட்டது நிலமேயாகும். ஆயினும் காளைச் சந்தையின் இயல்புகள் யாவும் இங்குக் காணப்பட்டன. கோப்பிச் செடி பலன்தர மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அதுவரை தோட்டத்தின் பெறுமதி என்பது வரவிருக்கும் விளைச்சல் பற்றிய எதிர்பார்ப்பே. அவ்வெதிர்பார்ப்பை ஈடாக வைத்துக் கொழும்பு முகவர் நிறுவனங்கள் முற்பணம் வழங்கின. அவை இலண்டன்மீது உண்டியல் எழுதிப் பணம் பெற்றன. மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் 3ஆம் தொகுதியில் கற்பித மூலதனம் என ஆராய்ந்தது இத்தகைய கடன் அடுக்கையே.

வீழ்ச்சிக்கான காரணங்களும் அவ்வேற்றத்துள்ளேயே பொதிந்திருந்தன. ஒரே காலத்தில் நடப்பட்ட செடிகள் ஒரே காலத்தில் காய்த்தன. காப்புத் தீர்வை தளர்த்தப்பட, ஜாவா, பிரேசில் ஆகிய நாடுகளின் கோப்பி பிரித்தானியச் சந்தையில் போட்டியிட்டது. புகையிரதப் பங்குகளில் எழுந்த ஊகவாணிபம் சரிந்ததை அடுத்து, 1847 ஒக்டோபரில் இலண்டனில் நிதி நெருக்கடி உச்சங்கண்டது. கடன் நின்றது, கண்டித் தோட்டங்கள் பல காடாயின. ஆயிரக்கணக்கான பவுண் விழுங்கிய தோட்டங்கள் சில நூறு பவுணுக்குக் கைமாறின.

இவ்விடத்தில் நாம் எழுப்பவேண்டிய வினா, இந்நட்டத்தை ஏற்றவர் யார் என்பதாகும். தோட்டம் கைவிடப்பட்டபோது, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்துவந்த தமிழகத் தொழிலாளரின் நிலுவைக் கூலியும் பல இடங்களில் கைவிடப்பட்டது. வருவாய் சுருங்கிய அரசு கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கித் துரைமாருக்குச் சலுகை காட்டியது. ஆனால் 1848இல் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின்மீது வரிகள் விதித்தது. ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணஞ் செலுத்தவேண்டும் என்றது. அவ்வாண்டு யூலையில் மாத்தளைப் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக்கொல்லப்பட்டான். இலண்டனில் தொடங்கிய கரடிச் சந்தையின் கணக்கு போகம்பரையில் தீர்க்கப்பட்டது.

இரண்டாவது சுழற்சியும் இவ்வமைப்பையே கொண்டது. 1867இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் காணப்பட்டது. விளைச்சல் குன்றியபோதும் 1870களில் உலக விலை உயர்ந்தமையால் நோயின் கடுமை மறைக்கப்பட்டது. உயர்மலைக் காடுகள் மேன்மேலும் விலையேறி விற்கப்பட்டன. 1878இல் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. 1884 மே மாதம் தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் வீழ்ந்தது. அதன் தாள்களுக்குத் தேசாதிபதி கோர்டனின் அரசு பொறுப்பேற்றது. அதே 1880களில் நெல்வரி நிலுவைக்காக வலப்பனைக் குடியானவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. வங்கித் தாளுக்குக் கிடைத்த பிணை வயலுக்குக் கிடைக்கவில்லை.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதனை வர்த்தகப் பயிராக ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டிருந்தார். தேயிலைக்குத் தொழிற்சாலையும் பெருமுதலும் வேண்டியிருந்தமையால் தனித் துரைமாரின் இடத்தில் கம்பனிகள் தோன்றின. அவற்றின் பங்குகளை விற்க 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. ஆகவே, இலங்கையின் பங்குச் சந்தை மலைநாட்டுத் தோட்டத்தின் குழந்தை எனின் மிகையாகாது.

1869இல், துரு நோய் தோன்றிய அதே ஆண்டில், ஆபிரகாம் ஜோசேப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பிச் செய்கை அச்சேறிய தமிழ்ச் செய்யுளின் பொருளானமைக்கு அது சான்று. அச்சேறாத வாய்மொழிப் பாடல்களோ கூலியையும் கங்காணியையும் பிரிவையும் பாடின. அவற்றுட் பலவற்றைத் திரட்டித் தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. விலை ஏடுகள் கூறாத வரலாற்றுக்கு இவை மூலங்களாகும்.

இவையெல்லாம் பழங்கதை என்பார்க்கு அண்மைக்காலச் சான்றொன்று போதும். 2009இன் தொடக்கத்தில் 1,500 அளவில் நின்ற கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800ஐ எட்டியது, பின்னர் சரிந்தது. 2009இன் கூட்டு ஒப்பந்தப்படி 285 ரூபாவாயிருந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2011இல் 380 ரூபா ஆனது. சுட்டெண் ஐந்து மடங்காகக் கூலி மூன்றிலொரு பங்கே கூடியது. ஏற்றம் தாளை வைத்திருந்தவனைச் சேர்ந்தது; இறக்கம் வந்தபோதெல்லாம் அதன் சுமை உழைப்பவன் தோளுக்கு மாற்றப்பட்டது. காளை, கரடி என்னும் பெயர்கள் இவ்வுண்மையை மறைப்பன. அவற்றை விலக்கி, யார் பெற்றார், யார் கொடுத்தார் என வினவுவதே சமூக வரலாற்றை ஆராய்வோரின் கடனாகும்.