செத்த மீனுக்கு மூளை வேலை செய்யுமா?

"பொய் சொல்லும்போது மூளையில் எரியும் இடம் இதுதான்" என்று சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால், நானும் ஒரு காலத்தில் அப்படியே நம்பினவன்தான். அந்தப் பழக்கத்தை விடவைத்தது ஒரு செத்த மீன்.

மூளையை ஸ்கேன் செய்து வரைபடமாக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கு: ஆர்கனைசேஷன் ஃபார் ஹியூமன் பிரெய்ன் மேப்பிங், சுருக்கமாக ஓ.எச்.பி.எம். முதல் மாநாடு 1995-ல் பாரிஸில். 2009-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது கிரெய்க் பென்னட் குழுவினர் ஒரு போஸ்டர் வைத்தார்கள். செத்துப்போன சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ. மெஷினில் படுக்கவைத்து, மனிதர்களின் போட்டோவைக் காட்டி, "இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்?" என்று கேட்டார்களாம். ரிசல்ட்டில் மீனின் மூளைக்குள்ளும் சிவப்புப் புள்ளிகள்!

காரணம் வெறும் கணக்குதான். எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான் அளக்கிறது. படத்தை வாக்ஸல் என்ற குட்டிக் குட்டிக் கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு புள்ளியியல் சோதனை. ஆயிரத்தில் ஒன்று தற்செயலாகத் தேறும் என்றால், 8 ஆயிரம் வாக்ஸலில் சுமார் எட்டு சும்மாவே "எரியும்". இதைத் திருத்தும் முறைகள் அப்போதே இருந்தன, பலர் பயன்படுத்தவில்லை. திருத்தியதும் மீனின் புள்ளிகள் காணாமல் போயின. 2012-ல் இதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது.

சரி, திருத்தினால் போதுமா? 2016-ல் ஆண்டர்ஸ் எக்லுண்ட், தாமஸ் நிக்கோல்ஸ், ஹான்ஸ் நட்சன் மூவரும் பிரபலமான மென்பொருள்களையே சோதித்தார்கள். 5% இருக்க வேண்டிய தவறான ரிசல்ட், சில அமைப்புகளில் 70% வரை போனது. ஒரு மென்பொருளில் 15 வருஷமாக ஒரு பக் இருந்ததும் தெரியவந்தது. கோடு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால், இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்தச் சங்கம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இதுதான். தன் துறையின் ஓட்டையை அது மூடி மறைக்கவில்லை. அதே நிக்கோல்ஸ் தலைமையில் ஒரு குழு போட்டு, ஆய்வில் எதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும், டேட்டாவை எப்படிப் பகிரவேண்டும் என்று பரிந்துரைகள் வெளியிட்டது.

அடுத்தமுறை கலர் மூளை படம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்க: எத்தனை பேரை ஸ்கேன் செய்தார்கள்? திருத்தம் செய்தார்களா? டேட்டாவை வெளியே கொடுத்தார்களா? பதில் இல்லையென்றால், ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன் அந்த மீனை ஒருமுறை நினைச்சுக்குங்க.