முகம் அவருடையது, பேச்சு யாருடையது?



குடும்பத்தில் ஒரு நிக்காஹ் நெருங்குகிறது. பெட்டியிலிருந்து எடுத்த பட்டுச் சேலைக்குரிய ரவிக்கை கைக்கு ஏற மறுக்கிறது. அன்றிரவு வேலைகள் யாவும் முடிந்தபின் கைப்பேசியை எடுக்கிறீர்கள். உலகறிந்த ஒரு பெண்மணி அதில் தோன்றி, 'நான் சாப்பிட்டது இதைத்தான். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைந்தேன்' என்கிறார். முகம் அவருடையது, குரலும் அவருடையதாகவே ஒலிக்கிறது. கீழே ஒரு புட்டியின் படம். பக்கத்திலேயே 'இன்றே வாங்குக' என்ற பொத்தான்.

சற்றுப் பொறுங்கள். அந்த முகத்திற்கும் அந்தப் புட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதிருக்கலாம்.

ஒரு முகத்தின் கதை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே தம் உடல் எடையைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசி வந்தவர். 1988-இல், தாம் குறைத்த எடைக்கு ஈடாக 67 பவுண்டு, அதாவது சுமார் 30 கிலோ கொழுப்பை ஒரு சிறு வண்டியில் ஏற்றி, தம் நிகழ்ச்சி மேடைக்கு இழுத்து வந்தார். குறைந்த எடை பின்னர் திரும்பியது. அதையும் அவர் மறைக்கவில்லை. எடையோடு போராடும் கோடிக்கணக்கான பெண்கள் அவரைத் தங்களுள் ஒருவராகவே கருதினர்.

திருடர்கள் குறிவைத்தது அந்த நம்பிக்கையைத்தான். 'அசாய்' என்னும் பிரேசில் நாட்டுப் பழத்தைக் காட்டி எடை குறைப்பு மாத்திரை விற்றவர்கள் அவர் பெயரைத் தாமாகவே எடுத்துக்கொண்டனர். 2009-இல் அவருடைய நிறுவனமும் மருத்துவர் மெஹ்மெத் ஓஸும் இத்தகையோர் மீது வழக்குத் தொடர்ந்தனர். 2011-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், செய்தித் தளங்களைப் போல வேடமிட்டு இதே சரக்கை விற்ற பத்துத் தரப்பினர் மீது நடவடிக்கை எடுத்தது. நான்கே வாரத்தில் 25 பவுண்டு குறைந்ததாகச் 'செய்தியாளர்' ஒருவர் கூறுவதுபோல அப்பக்கங்கள் அமைக்கப்பட்டிருந்தன. செய்தியும் பொய், செய்தியாளரும் பொய்!

அத்தோடு நின்றதா? இல்லை. 2022-இல் மிட்டாய் வடிவ 'கம்மி'கள் அவர் பெயரில் உலாவந்தபோது, அவற்றுக்கும் தமக்கும் தொடர்பேதும் இல்லை என்று அவரே காணொளியில் அறிவிக்க நேர்ந்தது. 2023 டிசம்பரில், மருத்துவர் பரிந்துரைத்த எடை குறைப்பு மருந்தைத் தாம் பயன்படுத்துவதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த உண்மை, பொய் விளம்பரங்களுக்கு நம்பத் தகுந்த சாயலைத் தந்துவிடுகிறது. இன்றோ ஒருவரின் முகத்தையும் குரலையும் கணினியே உருவாக்கிவிடும். எனவே உதடு அசைவதைப் பார்த்து உண்மையை அறியலாம் என்று எண்ணாதீர்கள்.

புட்டிக்குள் இருப்பது என்ன?

பணம் போவதோடு போனால் போகட்டும் எனலாம். உயிருக்கும் கேடு வருமே! சிபுட்ராமின் என்பது முன்பு எடை குறைக்கக் கொடுக்கப்பட்ட மருந்து. இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் உயர்த்தி, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதால் 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007 முதல் 2016 வரை கலப்படம் கண்டு எச்சரித்த 317 எடை குறைப்புத் துணை உணவுகளில், 269-இல் இம்மருந்து இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. உறையில் இதன் பெயர் இருக்காது. 'முற்றிலும் இயற்கையானது' என்ற சொல் மட்டும் பளிச்சிடும்.

இன்னொன்றும் உண்டு. கம்மி வகைகள் பலவற்றில் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. அது பன்றி, மாடு முதலியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. எந்தப் பிராணியினுடையது என்று அறியாமல் நம் வீட்டுக்குள் அதை அனுமதிக்கலாமா?

இனங்காண்பது எப்படி?

முதலாவதாக, அந்தப் பிரபலம் தம் சொந்தப் பக்கத்திலோ நம்பகமான நாளிதழிலோ இதைச் சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். விளம்பரத்தில் உள்ள இணைப்பின் வழியே தேடாதீர்கள்.

இரண்டாவதாக, வாக்குறுதியை எடைபோடுங்கள். வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பொதுவாக மருத்துவர்கள் ஏற்கும் வேகம். உணவுக் கட்டுப்பாடும் வேண்டாம், நடையும் வேண்டாம் என்பவர் உங்களிடம் பொய் சொல்கிறார்.

மூன்றாவதாக, 'இலவசம், தபால் செலவு மட்டும்' என்று வங்கி அட்டை எண்ணைக் கேட்டால் விலகுங்கள். அந்த எண்ணைக் கொண்டு மாதந்தோறும் பணம் எடுப்பது இவர்களின் பழைய தந்திரம். 'இன்னும் பத்தே நிமிடம்' என்று ஓடும் கடிகாரம் உங்களைச் சிந்திக்க விடாமல் செய்வதற்கே.

நான்காவதாக, சட்டத்தை நினைவில் கொள்ளுங்கள். உடற்பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே நம் நாட்டின 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவிடம் முறையிடுங்கள். தவறான விளம்பரங்களைப் பற்றி நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

வீட்டில் உள்ளோர்க்கு ஒரு சொல்

இந்த வணிகர்கள் விற்பது மாத்திரையை. முதலீடாகக் கொள்வதோ நம் வெட்கத்தை. விருந்து வீட்டில் 'என்ன, இப்படிப் பருத்துவிட்டாய்?' என்று நாம் போகிற போக்கில் வீசிய ஒரு சொல்தான், அன்றிரவு ஒரு பெண்ணை அந்தப் பொத்தானை அழுத்த வைக்கிறது. ஏமாந்தது தெரிந்ததும் அவள் ஏச்சுக்கு அஞ்சி மறைக்கிறாள். நெஞ்சு படபடத்தாலும், 'ஒன்றுமில்லை' என்கிறாள்.

அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். எஞ்சிய மாத்திரைகளை உறையோடு எடுத்துக்கொண்டு அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவோ வேறு நோயோ எடை கூடக் காரணமாக இருந்தால் அதுவும் அங்கே தெரியவரும். ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு தையற்காரர் போதும்.