ஃபோர்க்குக்குள் ஓர் இடியாப்ப உரல்

"650 சிசி பைக் வைத்திருக்கிறேன். மனைவியை ஏற்றிக்கொண்டு வால்பாறை, ஏற்காடு என்று அடிக்கடி கிளம்பிவிடுவேன். கொஞ்சம் செலவு செய்து வண்டியை மெருகேற்ற ஆசை. முதலில் சைலன்சரை மாற்றுவதா, ஏர் ஃபில்டரை மாற்றுவதா?"

வாசகர் ஒருவரின் கேள்வி. சுருக்கமான பதில்: இரண்டும் வேண்டாம். நீளமான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஸ்போர்ட் டூரிங் என்ற வகை வண்டிக்குச் சம்பளம் ஒன்று, வேலை இரண்டு. தனியாளாகப் போனால் வளைவுகளில் சுறுசுறுப்பாகச் சாய வேண்டும். ஆள் ஒன்று, பெட்டி மூன்று என்று ஏற்றினால் முனகாமல் நாள் முழுக்க ஓட வேண்டும். சைலன்சர் மாற்றினால் கூடுவதாகச் சொல்லப்படும் குதிரைத்திறன், திறன் வரைபடத்தின் வலது ஓரத்தில், இன்ஜின் அலறும் வேகத்தில் இருக்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஓரத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே வண்டியைக் கெடுப்பது வேறு. பிரேக் பிடித்தால் மூக்கு தரையை முகர்கிறது. சின்னப் பள்ளத்தில் விழுந்தால் கைமணிக்கட்டு வரை அடிக்கிறது. மெக்கானிக்குகள் "முன்னாடி அடிக்குது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் இந்த நோய்க்குள் பள்ளிக்கூட இயற்பியலின் அழகான பக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

எடுத்துக்காட்டுக்குக் கவாசாகி நின்ஜா 650ஆர். வெளிநாடுகளில் 2006 மாடலாக வந்தது. 2011-இல் இந்தியாவுக்கும் வந்தது. இன்ஜின் நல்லது, இருக்கை நிமிர்ந்தது, விலை இந்த வகைக்குக் குறைவாக இருந்தது. விலையைக் குறைக்க நிறுவனம் கைவைத்த இடங்களில் ஒன்று முன் ஃபோர்க். 41 மி.மீ. தடிமன், பார்க்கக் கம்பீரம், ஆனால் திருகித் திருத்த ஒரு திருகு கிடையாது. உள்ளே இருப்பது டேம்பர் ராடு எனப்படும் பழைய ஏற்பாடு: எண்ணெய் நிறைந்த காலுக்குள் ஒரு குழாய், அந்தக் குழாயில் சில துளைகள். சக்கரம் மேலே ஏறும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அந்தப் பிதுங்கலில் உண்டாகும் எதிர்ப்புதான் டேம்பிங். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்கும்.

இது இடியாப்ப உரலேதான். கால் என்பது உரல், ஆயில் என்பது மாவு, துளைகள் என்பது அடித்தட்டு, மேலிருந்து அழுத்தும் கை என்பது ரோடு. மெதுவாக அழுத்தினால் இழை சீராக இறங்குகிறது. அவசரப்பட்டு முழு உடம்பையும் சாய்த்தால் மாவு நகராது. உரல்தான் கிறீச்சிடும், தோள்தான் வலிக்கும்.

மாவுக்கு இது ஏறத்தாழ உண்மை. ஆயிலுக்கோ இது கணக்காகவே உண்மை. துளை வழியே ஆயில் வேகமாகப் பாயும்போது எதிர்ப்பு வேகத்தோடு கூடுவதில்லை, வேகத்தின் இருமடியோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கு என்றால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பத்து மடங்கு என்றால் நூறு மடங்கு.

இதை ரோட்டில் வைத்துப் பார்க்கலாம். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அரை நொடியில் 5 செ.மீ. அமுங்குகிறது என்று கொள்வோம். அதன் வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். அதே வண்டி 60 கி.மீ. வேகத்தில், 30 செ.மீ. நீளத்துக்குள் 3 செ.மீ. உயரும் ஒரு மேட்டில் ஏறட்டும். 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். மேட்டைக் கடக்க 0.018 நொடிதான். அதற்குள் சக்கரம் 3 செ.மீ. எழ வேண்டும், அதாவது நொடிக்கு சுமார் 1.7 மீட்டர். முதல் வேகத்தைவிடச் சுமார் 17 மடங்கு. இருமடிக் கணக்குப்படி எதிர்ப்பு 280 மடங்கை நெருங்குகிறது.

ஆக, ஒரே துளை இரண்டு இடத்திலும் தப்பு செய்கிறது. பிரேக்கில் எதிர்ப்பு போதாமல் மூக்கைத் தாழவிடுகிறது. மேட்டில் எதிர்ப்பு மிஞ்சி, ஃபோர்க் இரும்புத் தடியாக இறுகிவிடுகிறது. "கெட்டி ஆயில் ஊத்துங்க" என்ற புதுப்பேட்டை மெக்கானிக் வைத்தியம் கோடு முழுவதையும் மேலே தூக்குமே தவிர வளைவின் வடிவத்தை மாற்றாது. மூக்கு தாழ்வது குறையும், அடி கூடும்.

நமக்கு வேண்டியது புத்தியுள்ள தட்டு. மெல்ல அழுத்தும்போது சின்னத் துளை. ஓங்கி அழுத்தினால் தானே விரிந்து வழிவிடும் துளை. இடியாப்பம் அப்போது முறுக்குத் தடிமனில் வந்து விழும், மாமியார் முகம் சுளிப்பார். ரோட்டுக்கு அதுதான் சரி.

அமெரிக்காவின் ரேஸ் டெக் நிறுவனம் விற்கும் எமுலேட்டர் என்ற சிறிய வால்வு செய்வது இதையே. டேம்பர் ராடின் அடித்துளைகளைப் பெரிதாகத் துளைத்து அவற்றின் அதிகாரத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். ராடின் தலையில் இந்த வால்வு உட்கார்கிறது. ஃபோர்க்கின் பெரிய ஸ்பிரிங்கே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது, வேறு போல்ட் கிடையாது. வால்வின் தட்டில் ஒரு சின்னத் துளை, தட்டை மூடிப் பிடிக்க விரல்நுனி அளவில் ஒரு குட்டி ஸ்பிரிங். பிரேக் பிடித்தால் ஆயில் சின்னத் துளையில் மட்டும் போகிறது, மூக்கு நிதானமாகத் தாழ்கிறது. பள்ளத்தில் விழுந்தால் அழுத்தம் குட்டி ஸ்பிரிங்கை வெல்கிறது, தட்டு எழுகிறது, ஆயில் தாராளமாகப் பாய்கிறது. குட்டி ஸ்பிரிங்கை எத்தனை சுற்று இறுக்குகிறோம் என்பதே எப்போது தட்டு எழும் என்பதை முடிவு செய்கிறது. ஒரு குறை உண்டு: இது அமுங்கும் திசைக்கு மட்டும். ஃபோர்க் திரும்ப நீளும் திசையில், அதாவது பிழிந்த இடியாப்பத்தை உரலுக்குள் திரும்ப இழுக்கும் வேலையில், பழைய துளைதான்; அங்கே ஆயிலின் கெட்டித்தன்மையை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போனால் கார்ட்ரிட்ஜ். இதில் குட்டி ஸ்பிரிங்குக்குப் பதில் ஷிம் எனப்படும் மெல்லிய எஃகு வாஷர்களின் அடுக்கு. ஆயில் தள்ளும்போது அவற்றின் விளிம்பு வளைந்து வழிவிடுகிறது. தள்ளல் கூடக் கூட வளைவு கூடுகிறது. எதிர்ப்பு வேகத்தோடு ஏறத்தாழச் சீராக ஏறுகிறது. அழகு வாஷரின் தடிமனில் இருக்கிறது. தட்டு ஒன்றின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியாகக் கூடும். 0.20 மி.மீ. வாஷர் ஒன்று, 0.10 மி.மீ. வாஷர்கள் எட்டுக்குச் சமம். 0.10-ஐ எடுத்துவிட்டு 0.15 போட்டால் மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக விறைப்பு ஏறும். உள்ளங்கையில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத இரண்டு எஃகு வளையங்கள். ஒன்று வண்டியைப் பட்டுப்போல ஓட்டும், மற்றொன்று பல்லைக் கிட்டவைக்கும். சஸ்பென்ஷன் கடைக்காரர்கள் மைக்ரோமீட்டரைச் சட்டைப் பையில் வைத்திருப்பது பந்தாவுக்கு அல்ல.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. ஆயிலால் அடங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935-இல் தயாரிப்பு வண்டியில் போட்டது பி.எம்.டபிள்யூ., ஆர்12 மாடலில். அதே நிறுவனம் 1976-இல் ஆர்100ஆர்எஸ் என்ற வண்டியைப் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, முழு முகமூடியோடு இறக்கியது. ஸ்போர்ட் டூரிங் என்ற வகைக்கு ஊர் மூத்தவர் என்று அதைச் சொல்வார்கள். பொத்தானை அழுத்தி சஸ்பென்ஷனை மாற்றும் மின்னணு ஏற்பாடு 2004-இல் அவர்களுடைய கே1200எஸ்-இல் வந்தது. போதும்.

மின்னணு என்றதும் கவனம். ஓடும்போதே நொடிக்கு நொடி டேம்பிங்கை மாற்றும் சஸ்பென்ஷன் 2012 வாக்கில் விற்பனைக்கு வந்தது. டுகாட்டி தன்னுடையதற்கு 'ஸ்கைஹூக்' என்று பெயர் வைத்தது. வானத்தில் கொக்கி மாட்டி வண்டியைத் தொங்கவிட்டால் எப்படி அசையாமல் நிற்குமோ அப்படி என்ற இந்தக் கற்பனை, டீன் கார்னாப் என்ற பொறியாளரும் சகாக்களும் 1970-களில் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வருகிறது. நல்ல பொறியியல்தான். ஆனால் விளம்பரம் சொல்லாத ஒன்று: உங்கள் எடைக்குப் பொருந்தாத ஸ்பிரிங்கை எந்தக் கம்ப்யூட்டரும் பொருந்தவைக்காது.

ஸ்பிரிங் என்றால் ஒரு மூடநம்பிக்கையையும் கலைக்க வேண்டியிருக்கிறது. பின் ஷாக்கில் ஏழு படிகளாக ஒரு வளையம் இருக்கும். அதை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ கேட்கும் ஸ்பிரிங்கோ, இறுக்கினாலும் அத்தனை கிலோதான் கேட்கும். வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். அந்த உயரமோ சாதாரண விஷயம் இல்லை. பின்னால் ஆளும் பெட்டியும் ஏறும்போது எடையின் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குகிறது. வால் தாழ்ந்து மூக்கு உயர்கிறது. ஃபோர்க்கின் சாய்வு கூடி, கொண்டை ஊசியில் வண்டி திரும்ப அடம்பிடிக்கிறது. இரவில் ஹெட்லைட் எதிரே வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் அடிக்கிறது. கொக்கி ஸ்பேனரால் அந்த வளையத்தை இரண்டு படி திருப்புவதற்கு ஒரு பைசா செலவில்லை. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாத வண்டிகள்தான் அதிகம்.

அளந்து பார்க்க ஆயுதம் ஒரு கேபிள் டை. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் அதை இறுக்காமல் மாட்டி, ஆயில் சீலை ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கினால் குழாய் வெளியே எவ்வளவு நீளம் தெரிகிறது என்று ஓர் அளவு. பிறகு ஓட்டுபவர் ஜாக்கெட், ஹெல்மெட் சகிதம் உட்கார, ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, மூன்றாமவர் டேப் பிடிக்க, இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'சேக்' என்று பெயர். நின்ஜா 650ஆர் போல 120 மி.மீ. ஓட்டமுள்ள ஃபோர்க்குக்கு 30 முதல் 35 மி.மீ. நல்லது. ரேஸ் டெக்கின் நிறுவனர் பால் தீட் சொல்லும் நுணுக்கம் ஒன்று உண்டு: வண்டியை அமுக்கி மெல்ல விட்டு ஓர் அளவு, தூக்கி மெல்ல விட்டு ஓர் அளவு எடுத்து நடுமதிப்பைக் கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளி உள்ளே இருக்கும் உராய்வு. அது மிக அதிகமானால் எமுலேட்டரும் வேண்டாம் கார்ட்ரிட்ஜும் வேண்டாம். சீலும் புஷ்ஷும் போயிருக்கின்றன, அல்லது ஃபோர்க் முறுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது.

உள்ளே இருக்கும் ஆயிலின் கதியும் பரிதாபம்தான். இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூட ஃபோர்க் ஆயிலை வண்டி விற்கும்வரை மாற்றுவதில்லை. நாளான ஃபோர்க்கைக் கவிழ்த்தால் சாம்பல் கரைத்த நிறத்தில், கெட்ட மீன் வாடையோடு கொழகொழவென்று ஒழுகும். அந்தச் சாம்பல், அலுமினியமும் எஃகும் உரசித் தேய்ந்த பொடி. டப்பாவில் 10 டபிள்யூ என்று போட்டிருப்பதையும் நம்பிவிடக் கூடாது. ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 7 ஆக இருக்கும். 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த வேலைகள் எதிலும் சத்தம் இல்லை, பெயின்ட் இல்லை, டீக்கடையில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. சந்தை இதைப் பெரிதாகப் பேசாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். ஆனாலும் காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஓசூரின் டிவிஎஸ் 2021-இல் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு, திருகித் திருத்தும் ஃபோர்க்கும் ஷாக்கும் கொண்ட ஒரு தொகுப்பைக் கம்பெனியிலேயே பூட்டித் தர ஆரம்பித்தது.

கம்பெனியே பூட்டித் தருவதில் சட்டச் சௌகரியமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-இல் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் ஃபோர்க் ஸ்பிரிங்குக்குக் கட்டம் கிடையாது என்பது உண்மை. சைலன்சருக்கும் கிடையாது என்று வாதாடியவர்களின் சைலன்சர்களைப் பல ஊர்களில் போலீசார் ரோடு ரோலரை ஏற்றி நசுக்கியதும் உண்மை.

வேலைக்கு விடும்போது வரிசை முக்கியம்: முதலில் சேக் அளவு, பிறகு புது ஆயில், பிறகு எடைக்கேற்ற ஸ்பிரிங், அதற்குப் பின்னும் அடித்தால் எமுலேட்டர். மெக்கானிக்கிடம் "எத்தனை மில்லி ஆயில்?" என்று கேட்காதீர்கள், பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே ஒட்டியிருக்கும், கணக்கு தப்பும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று அளக்கச் சொல்லுங்கள். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இரண்டு காலிலும் அந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.