சாக்லெட் செய்தி வந்த வழி

"சாக்லெட் சாப்பிடுங்கள், சீக்கிரம் இளைத்து விடுவீர்கள்!"

இப்படி ஒரு செய்தியைப் பார்த்தால் யாருக்குத்தான் நாக்கில் நீர் ஊறாது? 2015-ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில், ஜெர்மனியில் ஏராளமாக விற்பனையாகும் 'பில்ட்' என்ற தினசரி இதை முதல் பக்கத்திலேயே போட்டது. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று இருபது தேசங்களுக்கு மேல் செய்தி மளமளவென்று பரவிற்று. நம் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வும் வெளியிட்டது. பாகற்காய்ச் சாறும் கொள்ளுக் கஞ்சியுமாகக் காலம் தள்ளிக் கொண்டிருந்த எத்தனை சகோதரிகள் அன்று சாக்லெட் டப்பாவைத் திறந்தார்களோ, யார் கண்டது!

மே மாதம் 27-ஆம் தேதி குட்டு வெளிப்பட்டது. வெளிப்படுத்தியவர், அந்தச் செய்தியைக் கிளப்பி விட்டவரேதான். ஜான் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அவர். உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இளைக்க வழி சொல்லும் அரைவேக்காட்டு ஆராய்ச்சிகள் எப்படிப் பத்திரிகைகளுக்குள் நுழைகின்றன என்று பார்த்து விடுவோம் என்று, ஜெர்மன் டெலிவிஷன் நிருபர்கள் இருவரோடு சேர்ந்து இந்தக் காரியத்தில் இறங்கினார். செய்தியில் கண்ட ஆராய்ச்சி நிலையம் வெறும் ஓர் இணையப் பக்கம். கட்டடம் இல்லை, வாசற்படி இல்லை, கூர்க்கா இல்லை.

ஆனால் பரிசோதனை என்னவோ நிஜமாகவே நடந்தது. ஆண்கள் 5, பெண்கள் 11, ஆக 16 பேர். அவர்களை மூன்று கோஷ்டிகளாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டி மாவுச் சத்தைக் குறைத்துச் சாப்பிட்டது. இரண்டாவது கோஷ்டிக்கு அதே சாப்பாடு, கூடவே தினம் சுமார் 42 கிராம் கசப்புச் சாக்லெட். மூன்றாவது கோஷ்டி வழக்கம் போலச் சாப்பிட்டது. மூன்று வாரம் சென்று பார்த்தால், சாக்லெட் கோஷ்டி மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக இளைத்திருந்தது!

எப்படி என்கிறீர்களா? எடை, கொலஸ்டிரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். ஒரு கோஷ்டிக்கு ஐந்தாறு பேர்தான். அத்தனை சிறிய கூட்டத்தில் 18 விஷயங்களை அளந்தால், ஏதாவது ஒன்றில் தற்செயலாக வித்தியாசம் தெரியாமல் இராது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவர்கள் பதினெட்டுப் பானை வைத்தார்கள். எது வெந்திருந்ததோ அதை மட்டும் பந்திக்குக் கொண்டு வந்தார்கள். எடைக்குப் பதில் தூக்கம் அகப்பட்டிருந்தால், 'சாக்லெட் சாப்பிட்டால் நன்றாகத் தூங்கலாம்' என்று நாம் படித்திருப்போம்.

கட்டுரையைப் பிரசுரிக்க, பணம் கட்டினால் போடுகிற ஒரு விஞ்ஞானப் பத்திரிகை அகப்பட்டது. கட்டணம் 600 யூரோ. இரண்டு வாரத்துக்குள் அச்சேறியது; ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அந்தக் கட்டுரையைச் சீந்துவார் இருந்திருக்க மாட்டார்கள். உலகத்தைச் சுற்றி வந்தது கட்டுரை அல்ல. அதை ஒட்டி எழுதிய செய்திக் குறிப்பு. பிரஸ் ரிலீஸ் என்று எங்கள் தொழிலில் சொல்வோமே, அதுதான். நிருபர்களுக்கு நேரம் இராது என்று பொஹானனுக்குத் தெரியும், அவரும் நிருபர்தானே! ஆகவே தலைப்பு, முதல் பாரா, மேற்கோள் எல்லாவற்றையும் அரைத்து, தாளித்து, இலையில் போட வேண்டியதுதான் பாக்கி என்கிற பக்குவத்தில் எழுதி இணையத்தில் விட்டார். ஃபோன் செய்த சில நிருபர்களும் மேலெழுந்தவாரியாகத்தான் கேட்டார்கள். எத்தனை பேரை வைத்துப் பரிசோதித்தீர்கள் என்று கேட்டவர்கள் அநேகமாக இல்லை. அந்த எண்ணிக்கையை வெளியிட்ட பத்திரிகை ஒன்றுகூட இல்லை.

ஒரே ஓர் ஆறுதல். செய்திக்கு அடியில் அபிப்பிராயம் எழுதிய வாசகர்கள் பலர், நிருபர்கள் கேட்க மறந்ததைக் கேட்டார்கள். அவரவர் மொத்தம் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கணக்கெடுத்தீர்களா என்று ஒருவர் மடக்கினார். சமையலறைக் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

செய்திக் குறிப்பு புதிய சரக்கு அல்ல. 1906-ஆம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வதந்தி கிளம்புமுன் நாமே சொல்லி விடுவோம் என்று ரயில்வே கம்பெனிக்காக ஐவி லீ என்பவர் ஓர் அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். 'நியூயார்க் டைம்ஸ்' அதை அப்படியே போட்டது. முதல் செய்திக் குறிப்பு என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள். 1954-ல் நியூயார்க்கில் 'பி.ஆர். நியூஸ்வயர்' தொடங்கிற்று. கம்பெனிகளிடம் காசு வாங்கிக் கொண்டு அவர்களுடைய குறிப்பை டெலிபிரிண்டர் மூலம் பத்திரிகைக் காரியாலயங்களுக்கு அனுப்புவது அதன் தொழில். டெலிபிரிண்டர் போயிற்று, தொழில் மட்டும் பல மடங்காகி விட்டது.

இன்று என் ஈமெயிலைத் திறந்தால் போதும். சோப்புக் கம்பெனி, நகைக் கடை, பல் ஆஸ்பத்திரி, சர்வகலாசாலை எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நான் அவற்றைப் படிப்பது சரி. அவை என்னைப் பார்ப்பதுதான் வேடிக்கை. கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இருக்கும், ஒரே ஒரு புள்ளி அளவுதான். கடிதத்தைத் திறந்ததும் அந்தப் புள்ளியை அனுப்பியவரின் கம்ப்யூட்டரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. 'இன்னார் இத்தனை மணிக்குத் திறந்தார்' என்று அங்கே பதிவாகி விடும். திண்ணையில் கடிதத்தைப் போட்டு விட்டு, யார் வந்து பிரிக்கிறார்கள் என்று ஜன்னல் இடுக்கில் பார்ப்பது போலத்தான்! 2021-ல் ஆப்பிள் கம்பெனி தன் ஈமெயில்காரர்களுக்கு ஒரு திரை போட்டது. படங்களையெல்லாம் அதுவே முன்கூட்டி வரவழைத்து விடுவதால், கடிதத்தைத் தொடாதவர்கூடத் திறந்தவராகக் கணக்கில் ஏறி விடுகிறார். ஒற்றர்களுக்குச் சங்கடம்தான்!

உங்களையும் அவர்கள் விடுவதில்லை. வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு செய்தியின் முகவரியை அனுப்பினால் கவனியுங்கள். நடுவில் ஒரு கேள்விக்குறியும், அதற்கப்பால் அனுமார் வால் போல நீளும் எழுத்துக்களும் இருக்கும். நீங்கள் பத்திரிகையிலிருந்து வந்தீர்களா, வாட்ஸ்அப்பிலிருந்து வந்தீர்களா என்று அந்த வால் காட்டிக் கொடுத்து விடும். பெரும்பாலும் அதைக் கத்தரித்து விட்டாலும் பக்கம் திறக்கத்தான் செய்யும்.

இப்படியெல்லாம் வேவு பார்த்து, கடைசியில் காசு கொடுத்த கம்பெனி முதலாளிக்கு ஓர் அறிக்கை போகும். 'தங்கள் குறிப்பு நூற்றுக்கணக்கான தளங்களில் வெளியாயிற்று. இத்தனை லட்சம் பேரை எட்டக் கூடும்' என்று இருக்கும். அவருக்குப் பரம திருப்தி. ஆனால் அந்தத் தளங்களில் பல, ஆசிரியர் கை படாமல் யந்திரமே போட்டுக் கொள்ளும் பக்கங்கள். லட்சக் கணக்கு என்பது அந்தப் பத்திரிகைகளுக்கெல்லாம் வரும் மொத்த வாசகர்களைக் கூட்டிச் சொல்வது. ஊரில் இருப்பவர்களையெல்லாம் எண்ணி விட்டு, 'நம் வீட்டுக் கல்யாணத்துக்கு இவ்வளவு பேர்' என்று சொன்னால் எப்படி?

யாரும் படிக்காத குறிப்பினால் நஷ்டமில்லை. எல்லாரும் நம்பி விடுகிற குறிப்புதான் ஆபத்து. 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ஆம் தேதி அமெரிக்காவில், எமுலெக்ஸ் என்ற கம்பெனியின் தலைவர் ராஜிநாமா செய்து விட்டார், லாபக் கணக்கும் தப்பு என்று 'இன்டர்நெட் வயர்' மூலம் ஒரு குறிப்பு வந்தது. முன்பு அந்த ஸ்தாபனத்தில் வேலை பார்த்த 23 வயது இளைஞன் செய்த மோசடி அது. பங்கு விலை விழுந்தால் அவனுக்கு லாபம். செய்தி ஸ்தாபனங்கள் விசாரிக்காமல் எடுத்துப் போட்டன. 113 டாலர் விற்ற பங்கு சற்று நேரத்துக்குள் 43 டாலருக்கு வந்து விட்டது! பங்குச் சந்தையார் அந்தப் பங்கின் வியாபாரத்தை நிறுத்தி வைத்தார்கள். உண்மை தெரிந்ததும் அன்றே விலை பெரும்பாலும் மீண்டு விட்டது; பயந்து போய் இடையில் விற்றவர்களின் பணம் மட்டும் போனது போனதுதான். இளைஞன் சிறைக்குப் போனான்.

இதெல்லாம் போக்கிரிகளின் வேலை, படித்தவர்கள் அனுப்பும் குறிப்பை நம்பலாமே என்று தோன்றும். பிரிட்டனில் கார்டிஃப் சர்வகலாசாலைக்காரர்கள் அதையும் பார்த்து விட்டார்கள். இருபது பெரிய சர்வகலாசாலைகள் 2011-ல் வெளியிட்ட 462 ஆரோக்கியச் செய்திக் குறிப்புகளை மூல ஆராய்ச்சியோடும், பத்திரிகையில் வந்த செய்தியோடும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு நாற்பது குறிப்புகளில், 'இப்படிச் சாப்பிடுங்கள், அப்படிச் செய்யுங்கள்' என்ற யோசனை ஆராய்ச்சியில் உள்ளதைவிட ஒரு படி ஏறியிருந்தது. எலிக்கு நடந்ததை மனிதருக்கு நடந்ததாகச் சொன்னவையும் உண்டு. எலி விஷயத்தில் குறிப்பு மிகைப்படுத்தினால் நூற்றுக்கு 86 செய்திகளும் மிகைப்படுத்தின. குறிப்பு ஒழுங்காக இருந்தால் 10 செய்திகள்தான் தடம் புரண்டன. குறை நிருபரின் மேஜையில் மட்டும் பிறப்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எங்களைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாகச் சொல்ல இந்த இடம்தான் கிடைத்தது, விட மனமில்லை!

பிரிட்டனில் 2011-ல் ஓர் இணையதளம் ஆரம்பித்தார்கள். செய்திக் குறிப்பை அதில் போட்டால், எந்தப் பத்திரிகை எத்தனை சதவிகிதம் அப்படியே காப்பி அடித்திருக்கிறது என்று அந்த நாளில் அது காட்டி வந்தது. பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி!

அந்த வேலையை நீங்களே வீட்டில் செய்யலாம். ஆச்சரியமான செய்தி கண்ணில் பட்டால், அதில் யாரோ சொன்னதாக வந்திருக்கும் வாக்கியம் ஒன்றை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்து இணையத்தில் தேடிப் பாருங்கள். பத்துப் பத்திரிகைகளில் அதே வாக்கியம், அதே கமா, அதே முற்றுப்புள்ளியோடு அகப்பட்டால், பத்து நிருபர்கள் போய்க் கேட்டு வரவில்லை. ஒரே குறிப்பு பத்து இடத்துக்கு வந்திருக்கிறது. அப்புறம் பக்கத்தின் அடிக்குப் போங்கள். 'இது வெளியிலிருந்து வந்தது. இதிலுள்ள விஷயங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதுண்டு. மருந்து, மாத்திரை, அழகு சாதனம், பங்கு, பிளாட் விற்பனை ஆகிய சமாசாரங்களில் இந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் பர்ஸைத் தொட வேண்டாம்.

சர்க்கார் அறிவிப்பு என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தொடர்ந்து போவது இன்னும் சுலபம். மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தன் இணையதளத்தில் போடும் ஒவ்வொரு செய்திக் குறிப்பிலும் தேதி, நேரம், வெளியீட்டு எண் மூன்றும் இருக்கும். தமிழிலும் குறிப்புகள் உண்டு. 'எல்லாப் பெண்களுக்கும் இலவசத் தையல் யந்திரம், உடனே இங்கே பெயர் கொடுங்கள்' என்கிற மாதிரி ஒன்று வந்து, அந்தத் தளத்தில் அதைக் காணோம் என்றால், பெயரையும் பாங்கிக் கணக்கு எண்ணையும் கொடுக்குமுன் சற்று நில்லுங்கள். 2019 முதல் அதே அலுவலகத்தில் சரிபார்க்கும் பிரிவு ஒன்றும் இருக்கிறது. மத்திய சர்க்காரைப் பற்றிய செய்தி எதுவானாலும் வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ அவர்களுக்கு அனுப்பி, மெய்யா பொய்யா என்று கேட்கலாம். காசு கிடையாது.