ஸ்டாண்டர்ட் 2000: ஏமாற்றிய காரும் அதை மீண்டும் ரசிக்கும் வழியும்

ஸ்டாண்டர்ட் 2000 என்பது சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1985 முதல் 1988 வரை தயாரித்த கார் ஆகும். இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடலும் உள்நாட்டுப் பழைய என்ஜினும் சேர்ந்தது இது. ஊரப்பாக்கத்துக்கு அடுத்த ஊரில் உருவான இந்தக் கார், 'பார்க்கப் பந்தயக் குதிரை, ஓட்டினால் வண்டி மாடு' என்ற வகையில் பேசப்பட்டுச் சந்தையில் தோற்றது. எனினும் எஞ்சியிருக்கும் சில வண்டிகளைக் கவனமாகப் பராமரித்து, விரும்பி ஓட்டுவோர் இன்றும் உள்ளனர். ஒரு கார் ஏன் ஏமாற்றமாகத் தோன்றுகிறது, அந்த ஏமாற்றத்தில் எவ்வளவு காருடைய குறை, எவ்வளவு நம் எதிர்பார்ப்பின் குறை என்பதைப் புரிந்துகொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு.

முகம் தந்த வாக்குறுதி

ரோவர் எஸ்டி1 1976-இல் வெளிவந்தது. அதை வடிவமைத்த டேவிட் பேச், ஃபெராரி டேடோனா காரைப் பார்த்து அதன் முன்முகத்தையும் பக்கக் கோடுகளையும் வரைந்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. 1977-க்கான ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதும் அதற்குக் கிடைத்தது. 3528 சி.சி. கொள்ளளவும் எட்டு சிலிண்டரும் கொண்ட அதன் அலுமினிய என்ஜின் சுமார் 155 குதிரைத்திறன் தந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் அதற்கு எட்டும் தூரம்தான். 1984-இல் ஆண்டி ரவுஸ் இந்தக் காரின் வைட்டெஸ் வகையை ஓட்டி பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை வென்றார். ஐந்து கதவு கொண்ட குடும்பக் கார்தான்; ஆனால் தோற்றமும் வரலாறும் ஸ்போர்ட்ஸ் காருடையவை.

இந்த உடல் சென்னைக்கு வந்தபோது நாட்டில் வெளிநாட்டுப் பாகங்களை இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு இருந்தது. ஹெரால்டு, கஸெல் போன்ற சிறிய கார்களைத் தயாரித்து வந்த நிறுவனம், எட்டு சிலிண்டர் என்ஜினைக் கொண்டுவரவில்லை. 1940-களில் வடிவமைக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காரின் நான்கு சிலிண்டர் என்ஜின் வழியில் வந்த 1991 சி.சி. என்ஜினைப் பொருத்தியது. திறன் 80 குதிரைத்திறனைச் சற்றே தாண்டியது. நம் சாலைகளின் பள்ளமேடுகளுக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டால் ஏமாற்றத்தின் அளவு தெரியும். எடையை ஏறக்குறைய 1300 கிலோ என்று கொண்டால், ரோவரில் ஒரு டன்னுக்கு 115 குதிரைத்திறனுக்கு மேல் கிடைத்தது. வண்டலூர்க் காரில் 65-க்கும் குறைவு. ஆனால் அதே காலத்து அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இது 45 அளவில்தான் இருந்தது. அதாவது, 1985-இல் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிய பெரும்பாலான கார்களை விட ஸ்டாண்டர்ட் 2000 வலிமையானதே. இது மெதுவான கார் என்பதை விட, வேகமான முகம் கொண்ட நடுத்தரக் கார் என்பதே சரியான விவரிப்பு. அம்பாசிடரிடம் யாரும் பாய்ச்சலை எதிர்பார்க்கவில்லை. அதனால் அது யாரையும் ஏமாற்றவும் இல்லை.

டிராக்டருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் உறவான என்ஜின்

'டிராக்டர் என்ஜின்' என்று இந்த என்ஜினைக் கேலி செய்வார்கள். கேலியில் உண்மை உண்டு: இதே குடும்பத்து என்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. ஆனால் அது பாதிக் கதை. 1953-இல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்தின் 1991 சி.சி. என்ஜின். அவ்வாண்டு மே மாதம் பெல்ஜியத்தின் ஜபேக் நெடுஞ்சாலையில் கென் ரிச்சர்ட்சன், காற்றைக் கிழிக்கும்படி சற்றே மாற்றியமைத்த டிஆர்2-வை மணிக்கு 124 மைல் வேகத்தில், அதாவது சுமார் 200 கிலோமீட்டரில், ஓட்டிக் காட்டினார். டிஆர்2 ஏறக்குறைய 900 கிலோ எடைதான். இரட்டைக் கார்புரேட்டருடன் 90 குதிரைத்திறன். ஒரே அளவு என்ஜின் ஓரிடத்தில் நாயகன், இன்னோரிடத்தில் சுமைதூக்கி. வேறுபாட்டின் பெரும்பகுதி எடையில் இருக்கிறது.

இன்னொரு வேறுபாடு என்ஜினின் இயல்பில் உள்ளது. இதன் சிலிண்டர் விட்டம் 83 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 92 மில்லிமீட்டர். ரோவரின் எட்டு சிலிண்டர் என்ஜினில் இது தலைகீழ்: விட்டம் 88.9, ஓட்டம் 71.1. நிமிடத்துக்கு 5000 சுற்றில் பழைய என்ஜினின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15.3 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ரோவரில் அதே சுற்றுக்கு 11.9 மீட்டர் போதும். அதனால்தான் ஸ்டாண்டர்ட் 2000-ஐ முறுக்கினால் இரைச்சலும் அதிர்வும் வருகின்றன, பாய்ச்சல் வருவதில்லை. இந்த வகை நீண்ட ஓட்ட என்ஜின்கள் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தருபவை. அதை ஃபெராரி போல ஓட்ட முயன்றவர்களே அதிகம் ஏமாந்தார்கள்.

பழுதை முதலில் பிரித்தறிதல்

முப்பத்தைந்து ஆண்டு கடந்த காரை ஓட்டிப் பார்த்து 'இதன் இயல்பே இப்படித்தான்' என்று முடிவு கட்டுவது தவறு. மந்தத்தில் கணிசமான பங்கு தேய்மானத்தால் வருவது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீண்டு போயிருந்தால், மிதியை முழுக்க அழுத்தினாலும் கார்புரேட்டரின் வாய் முக்கால்தான் திறக்கும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். செலவே இல்லாத இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் காற்றுக் கசிவு, பாயின்ட் இடைவெளி மாறிப்போனது, இக்னிஷன் டைமிங் பின்தங்கியது ஆகியவையும் இழுவையைத் திருடும். பிரேக் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே. சமதளத்தில் நியூட்ரலில் தள்ளிப் பார்த்தால் கார் தயங்குவது கைக்கே புரியும்.

இந்த என்ஜினில் தனியாகக் கவனிக்க வேண்டியது வெப்பம். சிலிண்டர்க் குழல்களைச் சுற்றி நேரடியாகக் குளிர்நீர் ஓடும். அடியில் உள்ள கேஸ்கட்கள் தளர்ந்தால் நீர் என்ஜின் எண்ணெயில் கலக்கும். சித்திரை வெயிலில் பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும் காருக்கு இது சின்ன விஷயமல்ல. எண்ணெய் அளவுகோலில் மோர் போல் வெளுத்த நுரை தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

கார் உயிரோட்டமாக இருப்பது என்ஜினால் மட்டுமல்ல. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத காரில் டயரின் கட்டைகள் புதிதாகவே தெரியும்; ரப்பரோ கல்லாகியிருக்கும். இறுகிய டயர், வெடித்த ரப்பர் புஷ், எண்ணெய் வடிந்த ஷாக் அப்சார்பர் இவற்றை மாற்றி வீல் அலைன்மென்ட் செய்த பிறகே ஸ்டீயரிங் உண்மையில் என்ன சொல்கிறது என்பது கேட்கும். எஸ்டி1-இன் மூல வடிவமைப்பில் பின் அச்சை நடுவில் வைத்திருக்க, ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்குக் கண்டுபிடித்த இணைப்பு பயன்படுத்தப்பட்டது. அச்சு இடவலமாக நகராமல் நேராக ஏறி இறங்க அது உதவும். உயரம் கூட்டியதால் கார் சாய்வது அதிகமானாலும், அந்த நல்ல எலும்புக்கூட்டின் குணம் முழுதும் அழியவில்லை.

பாகங்கள் கிடைப்பதுதான் தலைவலி. தொழிற்சாலை மூடப்பட்ட பின் கிடங்கில் கிடந்த எஸ்டி1 பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கிச் சென்றது. வண்டலூரில் தூங்கிய பாகங்கள் இன்று இங்கிலாந்தில் ரோவர்களை ஓட வைக்கின்றன. இங்குள்ள உரிமையாளர் சில பாகங்களை அங்கிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது.

ரசிப்பது எப்படி

சரிசெய்த காரை அதன் போக்கில் ஓட்டுவது அடுத்த படி. நீண்ட ஓட்ட என்ஜினுக்குச் சீக்கிரமாக மேல் கியர் மாற்றி, இழுவையை நம்பி, மெல்ல மிதிக்க வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் முதல் கூடுவாஞ்சேரி வரையிலான ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் அடிக்கடி கியர் மாற்றத் தேவையில்லாத என்ஜின் ஒரு வரம்தான். காலியான சாலையில் வேறொரு இன்பம் இருக்கிறது: எடுத்த வேகத்தை வீணாக்காமல் காப்பது. திருப்பத்துக்கு முன்பே, நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, சரியான கியரில் இறங்கி, ஸ்டீயரிங்கை ஒரே அசைவில் திருப்பி, கார் நிமிரும்போது மிதியை அழுத்துவது. திறன் மிகுந்த காரில் தவறாகத் திரும்பினாலும் அடுத்த நேர்சாலையில் என்ஜின் ஈடுகட்டிவிடும். திறன் குறைந்த கார் அந்தச் சலுகையைத் தராது. நன்றாகத் திரும்பினால் அதைக் காட்டியும் கொடுக்கும். இதற்குச் சட்ட வேகத்தை மீற வேண்டியதில்லை. விடியற்காலை வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே பழகலாம்.

இன்னும் வேகம் வேண்டுவோருக்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. போகும் முன் பிரேக் எண்ணெயை மாற்றுவது கட்டாயம். பழைய எண்ணெய் ஈரம் உறிஞ்சி, சூட்டில் கொதித்து, மிதி தரைவரை போய்விடும்.

குறைந்த திறனில் நிறைந்த இன்பம் என்பது சமாதானப் பேச்சு அல்ல. கோவையின் எஸ். கரிவரதன் 1980-களில் மாருதி 800-இன் 796 சி.சி. என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதி வகையில்தான். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் 115 குதிரைத்திறனே கொண்டது. உலகெங்கும் மிக அதிகமாக விரும்பப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் அதுவும் ஒன்று. இரண்டுமே எடை குறைந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஸ்டாண்டர்ட் 2000-க்கு அந்த நற்பேறு இல்லை. பின் இருக்கைக்கும் சுமைக்கும் இடையே எதை இறக்கி வைக்கலாம் என்று பார்ப்பதோடு சரி.

என்ஜினை மாற்றலாமா?

சிலர் டீசல் என்ஜின் வைத்தார்கள். சிலர் ரோவரின் எட்டு சிலிண்டர் என்ஜினையே தேடிப் பொருத்தினார்கள். இரண்டாவது வகை, கார் முதலில் தந்த வாக்கை நிறைவேற்றுவதால் அதன் மேல் கோபம் கொள்ள முடியாது. ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் இன்றி என்ஜின் வகையை மாற்ற முடியாது. இன்னொன்றும் உண்டு. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, உடலும் சட்டகமும் என்ஜினும் மூல நிலையில் உள்ள வண்டியே பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறும். 1985-இல் பதிவான ஸ்டாண்டர்ட் 2000 அந்த வயதைத் தொட 2035 ஆகும். அதுவரை அது சாதாரணப் பழைய கார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். என்ஜினை மாற்றியே தீருவேன் என்பவர், கழற்றிய பழைய என்ஜினை எடைக்குப் போடாமல், எண்ணெய் ஊற்றித் துளைகளை அடைத்து, அதன் எண் தேயாமல் ஒரு மூலையில் வைத்திருப்பது நல்லது.