உங்களுக்குத் தெரியுமா? ‘சர்வீஸ் நல்லா இருக்கா?’

வங்கியிலும் கூரியர் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் காத்திருந்துவிட்டு வெளியே வரும்போது ‘சர்வீஸ் பரவாயில்லை’, ‘சரியே இல்லை’ என்று ஒரு வரியில் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரியை அளந்து பார்க்க மேலாண்மைப் பேராசிரியர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். கடை, கம்பெனி, கிடங்கு என எதை நடத்துகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில துளிகள் இங்கே.

● சேவைத் தர ஆய்வில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் பெயர்களில் ஒன்று ஏ. பரசுராமன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1970-ல் பி.டெக். முடித்தவர். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ., அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். வேலரி ஸைதாமல், லெனார்ட் பெர்ரி ஆகியோருடன் சேர்ந்து 1985-ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கு அஸ்திவாரம்.

● அந்த மூவரும் நான்கு தொழில்களை எடுத்துக்கொண்டார்கள்: வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு, பொருள்களைப் பழுதுபார்ப்பது. வாடிக்கையாளர்களைக் குழுவாக உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். தொழில் வேறுவேறாக இருந்தாலும் மக்கள் பார்ப்பது ஏறக்குறைய ஒரே விஷயங்களைத்தான் என்று தெரிந்தது. முதலில் 10 அம்சங்களாக இருந்த பட்டியல், 1988-ல் 5 ஆகச் சுருங்கியது: சொன்னதைச் சொன்னபடி செய்வது, கேட்டவுடன் உதவுவது, விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கையைத் தருவது, ஆளறிந்து அக்கறை காட்டுவது, இடமும் உபகரணங்களும் பார்வைக்கு நன்றாக இருப்பது.

● இந்த ஐந்தையும் அளக்க அவர்கள் உருவாக்கிய கருவியின் பெயர் ‘செர்வ்குவால்’. அதில் 22 அம்சங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்பார்கள். ‘ஒரு நல்ல நிறுவனம் எப்படி இருக்க வேண்டும்?’ என்பது ஒன்று. ‘நீங்கள் போகும் நிறுவனம் எப்படி இருக்கிறது?’ என்பது மற்றொன்று. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவதுதான் மதிப்பெண். அது மைனஸில் போனால் வாடிக்கையாளருக்கு ஏமாற்றம் என்று பொருள்.

● ஐந்து அம்சங்களுக்கும் சேர்த்து 100 மதிப்பெண்ணைப் பங்கிட்டுக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டபோது, சொன்னபடி செய்வதற்குக் கிடைத்தது சராசரியாக 32. கட்டடம், அலங்காரம், சீருடை போன்றவற்றுக்குக் கிடைத்தது 11 மட்டுமே. கைக்காசை எங்கே செலவிடுவது என்று யோசிக்கும் எந்த முதலாளியும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது.

● சேவை கெடுவது கவுன்ட்டரில் மட்டும் அல்ல. 1985 கட்டுரை ஐந்து இடைவெளிகளைக் காட்டியது. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருப்பது முதலாவது. தெரிந்தும் அதற்கேற்ப விதிமுறை வகுக்காதது இரண்டாவது. விதிமுறை இருந்தும் ஊழியரால் அதைச் செய்ய முடியாமல் போவது மூன்றாவது. செய்ய முடியாததை விளம்பரத்தில் வாக்குக் கொடுப்பது நான்காவது. இந்த நான்கும் சேர்ந்துதான் ஐந்தாவதை உண்டாக்குகின்றன: வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள தூரம். திட்டு வாங்குகிறவர் கவுன்ட்டர் ஊழியர். தவறு பெரும்பாலும் அவருக்கு வெகுமுன்பே தொடங்கியிருக்கும்.

● இந்தக் கருவிக்கு மறுப்பும் வந்தது. எதிர்பார்ப்பைத் தனியாகக் கேட்பது தேவையில்லை, கிடைத்த சேவை எப்படி என்று மட்டும் கேட்டாலே போதும் என்று க்ரோனின், டெய்லர் என்ற இருவர் 1992-ல் வாதிட்டார்கள். அவர்களுடைய கருவிக்கு ‘செர்வ்பெர்ஃப்’ என்று பெயர். இரண்டு கருவிகளையும் பயன்படுத்தும் ஆய்வுகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

● இணையத்தில் பொருள் வாங்கும் காலம் வந்ததும் பரசுராமனும் ஸைதாமலும் அர்விந்த் மல்ஹோத்ராவுடன் சேர்ந்து 2005-ல் புதிய அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். தளம் எளிதாக இயங்குகிறதா, கேட்ட பொருள் வந்து சேர்ந்ததா, தளம் முடங்காமல் இருக்கிறதா, நம் விவரங்கள் பத்திரமா என்று அது கேட்கும். சிக்கலில் மாட்டிய வாடிக்கையாளருக்கென்று தனியாக 11 அம்சங்கள் கொண்ட இன்னொரு அளவுகோலும் உண்டு.

● சரக்குப் போக்குவரத்துக்கும் இப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குப் பொருள்கள் வழங்கும் அமைப்பின் வாடிக்கையாளர்களை வைத்து, மென்ட்ஸர், ஃப்ளின்ட், ஹல்ட் ஆகியோர் 2001-ல் 9 அம்சங்களை வகுத்தார்கள். நேரத்துக்கு வருவது அதில் ஒன்றுதான். ஆர்டர் கொடுப்பது எளிதா, சரியான பொருள் வந்ததா, உடையாமல் வந்ததா, மாறி வந்தால் எப்படிச் சரிசெய்தார்கள் என்பவையும் சேர்ந்தே தரம்.

● குழந்தைகள் டயப்பர் பயன்படுத்தும் வேகம் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. ஆனால் பேம்பர்ஸ் தயாரிக்கும் பி அண்ட் ஜி நிறுவனம் தன் ஆர்டர்களைப் பார்த்தபோது அவை தாறுமாறாக ஏறி இறங்கின. கடைக்காரர் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார், விநியோகஸ்தர் அதற்கு மேல் கூட்டுகிறார், ஆலைக்குப் போகும்போது அது பெருவெள்ளமாகிவிடுகிறது. ‘புல்விப்’ என்று அழைக்கப்படும் இந்த விளைவின் காரணங்களை ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் 1997-ல் விளக்கினார்கள். இதற்கான மருந்தும் அவர்கள் சொன்ன காரணங்களிலேயே இருக்கிறது: கடையில் உண்மையில் எவ்வளவு விற்றது என்ற தகவல் மேலே வரை அப்படியே போய்ச் சேர வேண்டும்.

● ‘பயிற்சி வகுப்பு அருமை’ என்று பங்கேற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் பயிற்சி வெற்றியா? இல்லை என்றார் விஸ்கான்சின் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக். 1959-ல் தொடங்கி அவர் எழுதிய கட்டுரைகள் நான்கு படிகளைச் சொல்கின்றன: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அது தெரிகிறதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. முதல் படியோடு நின்றுவிடும் நிறுவனங்கள் ஏராளம்.

● இரண்டாம் உலகப் போரின்போது அனுபவமில்லாத தொழிலாளர்களை விரைவாகப் பழக்க அமெரிக்கா ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்யச் சொல், பிறகும் கூடவே கவனி: இவ்வளவுதான் அதன் நான்கு படிகள். 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சான்றிதழ் பெற்றார்கள். போருக்குப் பின் இந்த முறை ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவிலும் வேரூன்றியது.

● 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, மேலாண்மை வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள். பார்வைப் பரிசோதனை முதல் அறுவை சிகிச்சைக்கு ஆயத்தம் செய்வது வரை பல வேலைகளை அவர்கள் ஏற்றுக்கொள்வதால், டாக்டர் அறுவை சிகிச்சையில் முழுக் கவனம் வைக்க முடிகிறது. ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தரும் மாதிரிக்கு இந்தப் பயிற்சி ஒரு முக்கியத் தூண்.

● பெஞ்சமின் ஷ்னைடர் குழுவினர் 1980-ல் வெளியிட்ட ஆய்வில் 23 வங்கிக் கிளைகளை எடுத்துக்கொண்டார்கள். சேவை எப்படி என்று ஊழியர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் தனித்தனியே கேட்டார்கள். இரு தரப்பின் கருத்தும் பெரிதும் ஒத்துப்போனது. எங்கே குறை என்பது உள்ளே வேலை செய்கிறவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆகவே வாடிக்கையாளருக்குக் கருத்துப் படிவம் அச்சடிக்கும் முன், மேலாளர்கள் தங்கள் ஊழியர்களை அழைத்து, ‘உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ய எது தடையாக இருக்கிறது?’ என்று கேட்கட்டும். கேட்டதைச் சரிசெய்தும் கொடுக்கட்டும்.