மயோனைஸ் இல்லாமல் டூனா சாலட்... 10 நிமிஷத்தில் ரெடி! ஆசிய ஸ்டைலில் செய்வது எப்படி?

டூனா சாலட் என்றாலே பலருக்கும் மயோனைஸ்தான் ஞாபகம் வரும். ஆனால், பச்சை முட்டையில் செய்த மயோனைஸை தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு தமிழக அரசு தடை விதித்ததும், வீட்டில் அதைச் செய்து சாப்பிடுவதிலும் தயக்கம் வந்துவிட்டது. அப்போ டூனா சாலட்டுக்கு என்ன வழி? சோயா சாஸ், எள் எண்ணெய், எலுமிச்சை இருந்தால் போதும்.

பச்சை முட்டையில் என்ன பிரச்னை?

சமைக்காத முட்டையில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். மயோனைஸ் செய்யும்போது முட்டை சூடுபடுத்தப்படுவதில்லை. வெளியே அதிக நேரம் வைத்தால் கிருமிகள் பெருகி, வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரை கொண்டுபோய் விடும். டின் டூனாவோ, டப்பாவிலேயே அதிக வெப்பத்தில் கிருமி நீக்கப்பட்டது. திறந்ததும் அப்படியே சாப்பிடலாம்.

மயோனைஸ் வேலையை யார் செய்வது?

டூனா வறண்ட மீன். அதற்கு எண்ணெய்ப் பசையும் புளிப்பும் தருவதுதான் மயோனைஸின் வேலை. சீனா, ஜப்பான், கொரியா சமையலில் எள் எண்ணெயும் ரைஸ் வினிகரும் இதையே செய்கின்றன. ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் சுமார் 90 கலோரி. ஒரு டீஸ்பூன் எள் எண்ணெயில் சுமார் 40 கலோரிதான்.

தேவையானவை (2 பேருக்கு)

* தண்ணீரில் பதப்படுத்திய டூனா - 1 டின்
* வெள்ளரிக்காய், கேரட் - தலா 1
* வெங்காயத்தாள், கொத்தமல்லி - ஒரு கைப்பிடி
* சோயா சாஸ் - 1 மேசைக்கரண்டி
* எலுமிச்சை சாறு அல்லது ரைஸ் வினிகர் - 1 மேசைக்கரண்டி
* எள் எண்ணெய் - 2 டீஸ்பூன்
* துருவிய இஞ்சி - 1 டீஸ்பூன்
* சர்க்கரை, மிளகாய்த்தூள் - ஒரு சிட்டிகை
* வறுத்த எள் - 1 டீஸ்பூன்

செய்முறை

1. டூனாவின் தண்ணீரை நன்றாக வடித்து, லேசாகப் பிழியவும். ஈரம் இருந்தால் சுவை நீர்த்துப்போகும்.
2. வெள்ளரியின் விதையை எடுத்துவிட்டு, கேரட்டோடு மெல்லிசாக நறுக்கவும்.
3. சாஸ், சாறு, எண்ணெய், இஞ்சி, சர்க்கரை, மிளகாய்த்தூளை தனிக் கிண்ணத்தில் அடித்துக் கலக்கவும்.
4. டூனா, காய்கறி மேல் ஊற்றி, மீன் மசிந்துவிடாமல் கிளறி, எள் தூவவும். அவ்வளவுதான்!

நல்லெண்ணெய் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் அதே வாசம் வராது. அந்த நாடுகளில் எள்ளை நன்கு வறுத்து ஆட்டுவார்கள். நல்லெண்ணெய் பயன்படுத்தினால், வறுத்த எள் ஒரு ஸ்பூனை இடித்துச் சேர்த்தால் வாசம் கிட்ட வந்துவிடும்.

டின் கிடைக்கவில்லையா?

சூரை மீனை உப்பு நீரில் வேகவைத்து, ஆறவிட்டு உதிர்க்கலாம். ஆனால் ஐஸில் வைத்த புது மீனாக இருக்க வேண்டும். குளிர் குறைந்தால் சூரையில் ஹிஸ்டமின் உருவாகும். அது சமைத்தாலும் போகாது. உடம்பு சிவந்து அரிப்பும் தலைவலியும் வரலாம்.

இதையும் கவனிங்க

* சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதனால் தனியாக உப்பு வேண்டாம். பிபி உள்ளவர்கள் சாஸைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சையைக் கூட்டலாம்.
* பெரிய டூனா ரகங்களில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் 'ஸ்கிப்ஜாக்' போன்ற சிறிய ரகத்தை அளவாகச் சாப்பிடலாம்.
* உப்பிய, கசியும் டின்னை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.
* மிச்சமான சாலட்டை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். லன்ச் பாக்ஸில் கொடுத்து அனுப்புவதென்றால் ஐஸ் பேக் அவசியம். மயோனைஸ் இல்லை என்பதற்காக, மீன் வெயிலில் கெடாமல் இருக்காது!